ஊதாப் பூவும் கொழுந்தனின் அஸ்திவாரமும்

நான் வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட் தைக்கிறவள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல். பல்பு வெளிச்சத்தில் தையல் கண்ணுக்கே பிடிபடாது. எனக்குச் சோறு போடுவது மெஷின் பக்கத்து ஜன்னல்தான். அதற்கு நாலடி தள்ளி, மோட்டார் ரிப்பேர் பட்டறை கட்டக் கொழுந்தன் ஒரு லாரி மணலைக் கொட்டினான். இடம் அவன் பங்கு. வாயைத் திறக்க முடியவில்லை; சுவர் எழும்பினால் என் ஜன்னல் வெளிச்சம் போச்சு.

கொட்டியவன் வெளியூர் வேலைக்குப் போய்விட்டான். மழை பெய்தது. அவன் திரும்பி வருவதற்குள் மணல் முழுக்கப் பித்தான் அளவில் ஊதாப் பூ. மகளுக்குக் கோட் வாங்க வந்த தாவரவியல் டீச்சர் துள்ளிக் குதித்தார்.

"இது நம்ம மண்ணோட சொந்தப் பூ! இப்பல்லாம் கண்ணுலயே படறதில்ல. மிதிச்சிடாதீங்க."

விடுவேனா? கொழுந்தனிடம் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"பூ முடியட்டும் அண்ணி."

அடுத்த வருஷம் வரை அந்த மணலை யாரும் தொடவில்லை; ஆனால் மருந்துக்குக்கூட ஒரு பூ இல்லை. பதறிப்போய் டீச்சரை அழைத்து வந்தேன்.

"ஒரு வருஷச் செடிங்க இது. மண்ணைக் கிளறினாத்தான் முளைக்கும். பொத்திப் பொத்தி வச்சா வராது."

கூடவே நின்ற கொழுந்தனுக்கு வாயெல்லாம் பல். "அப்ப தோண்டிட வேண்டியதுதான்!"

மறுநாளே அஸ்திவாரம் தோண்டினான். என் பித்தான் டப்பாவில் முதல் வருஷம் சேர்த்துவைத்த விதை இருந்தது. அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் குழி ஓரமெல்லாம் தூவினேன். மழையில் வேலை நின்றது. வெயில் வந்தபோது குழி நெடுக ஊதா.

"பூ முடியட்டும் அண்ணி."

முடிந்ததும் கொத்தனார் கிடைக்கவில்லை என்றான். அப்புறம் செங்கல் சரியில்லை என்றான். இப்படியே நாலு வருஷம். மழையில் குழி தூர்ந்துபோகும்; அவன் மறுபடி தோண்டுவான், நான் தூவுவேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நேற்று மண்வெட்டியோடு வந்தவன், மெஷின்மேல் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தான். உள்ளே விதை.

"டப்பாவுல போட்டுக்கோங்க அண்ணி. போன தடவை கிழக்கு மூலைய விட்டுட்டீங்க."

எனக்கு முகம் சுண்டிப்போனது. "எப்பலேருந்துடா தெரியும்?"

"மொத தடவை தூவும்போதே பாத்தேன்."

"அப்ப பட்டறை?"

"மோட்டாரை மரத்தடியிலகூடப் பிரிக்கலாம். கறுப்பு நூலை இருட்டுல கோக்க முடியுமா?" என்றபடி கொத்தப் போனான்.

டப்பாவை எடுத்துக்கொண்டு, முதன்முதலாக அவன் கண்முன்னாலேயே, கிழக்கு மூலையிலிருந்து தூவ ஆரம்பித்தேன்.