சிஸ்டம் திறக்கும் பத்து நிமிடம்

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் முழுதாகத் திறக்கப் பத்து நிமிடம் பிடிக்கும். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருக்கும் சின்ன பனியன் கம்பெனி எங்களுடையது. பேக்கிங் லிஸ்ட் போடுவதும் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பதும் என் வேலை. கீழே லோடு வண்டி காத்திருக்கும், மேலே நான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

இதில் இன்னொரு கூத்து. கம்ப்யூட்டரை முதலாளி குமாரசாமி அண்ணன்தான் போட வேண்டும். காலையில் முருகன் படத்துக்குச் சூடம் காட்டி, சிபியூவுக்கும் ஒரு கோடு விபூதி பூசி, சுவிட்சைத் தட்டி, அது திறந்து முடியும்வரை எதிரில் தனியாக உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகுதான் எனக்கு நாற்காலி. தறி ஓட்டிய குடும்பம், முதல் ஓட்டம் முதலாளி கையால்தான் என்பது வழக்கமாக இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

போன திங்கட்கிழமை சாயங்காலம் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கம்ப்யூட்டர் எழும்போதே கூடவே எழுந்து வருகிற புரோகிராம்களை நாமே நிறுத்தி வைக்கலாமாம். பட்டியலைத் திறந்தால் பதினாலு பேர், கூப்பிடாமலே முதல் பந்தியில் உட்கார்ந்த விருந்தாளிகள் மாதிரி. பதினாலையும் நிறுத்தினேன்.

மறுநாள் ஒரே நிமிடத்தில் திறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் மட்டும் வெறும் திரையைப் பார்த்தபடி பத்து நிமிடமும் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமையும் அப்படியே. வியாழக்கிழமை வைத்த டீ ஆறிப்போனது. ஒன்றுமில்லாததற்குக் கட்டிங் மாஸ்டர் சென்னிமலையைப் பிடித்துக் கத்தினார். பிறகு என்னிடம் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, சிஸ்டம் முந்தி மாதிரியே வரட்டுங்க."

"மெதுவாவே வரோணுங்களாண்ணா?"

"ஆமாங்க. எல்லாத்தையும் வெச்சுருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வண்டி நிக்குதுங்கண்ணா. பதினாலையும் வெச்சா மறுபடி அதே கதைதான். எதுன்னு சொல்லுங்க, அதை மட்டும் வெக்கறனுங்க."

பட்டியலை வாசித்தேன். வைரஸ் பார்ப்பது, பிரின்டருடையது, லேபிள் மெஷினுடையது. ஒவ்வொன்றுக்கும் "அதில்லீங்க" என்றார். சொல்ல முடியாமல் நிற்கிறார் என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

"பின்ன எதுதானுங்க வேணும்?" என்று குரலை உயர்த்தினேன்.

"வினிதா வெச்சது" என்றார், தரையைப் பார்த்து.

வினிதா அவருடைய ஒரே மகள். இதே மேசையில் என்னோடு வேலை பார்த்தவள். செக்கிங்கில் சூப்பர்வைசராக இருந்த, விருதுநகர்ப் பக்கத்து முனீஸைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கே அண்ணன் எல்லோரையும் கூட்டி, அந்தப் பெயரை யார் சொன்னாலும் அவர்களுக்கு இங்கே வேலை இல்லை என்றார். இரண்டு வருடம் கழித்து அந்தப் பெயரை முதலில் சொன்னவர் அவர்தான்.

அவள் வைத்தது ஒரு சாட் புரோகிராம். ஆபீஸ் பெயரில் அவளே தொடங்கிக் கொடுத்தது. காலையில் தானாகத் திறந்து, யார் யார் லைனில் இருக்கிறார்கள் என்று பச்சைப் புள்ளி காட்டும். பெயர் வரிசையில் அவளும் இருந்தாள். புள்ளி வந்தால் மகள் எழுந்து வேலைக்கு வந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள். அதைப் பார்த்து, நான் வருவதற்குள் மூடிவிட்டு எழுந்திருக்கிறார். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது சுவிட்ச் போடுவதும் அதை மூடுவதும் மட்டும்தான். அந்த மனுஷன் மகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே வழியை நான் அடைத்து வைத்துவிட்டு, வேகம் வேகம் என்று குதித்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

அதை மறுபடி வைத்து, சிஸ்டத்தை அணைத்துத் திரும்பப் போட்டேன். சாட் திறந்தது. வினிதாவின் பெயருக்கு நேரே எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அண்ணனுக்குக் கேட்கும்படி வாசித்தேன்.

"சாரதாக்கா, மூணு நாளா ஆபீஸ் லைன்ல வரலீங்களே. அப்பாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லீங்களா?"

அவள் புள்ளி இங்கே தெரிவது போல ஆபீஸ் புள்ளி அங்கே அவளுக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவளும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். "அப்பன் நல்லா இருக்கறான்னு போடுங்க" என்றார். போட்டேன்.

"அப்பனே சொல்றான்னும் போடுங்க."

அதையும் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மேசையில் ஆபீஸ் போன் அடித்தது. அவர் கையை நீட்டினார், மடக்கிக்கொண்டார். நானே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்தும்போது, "சாப்ட்டியா கண்ணு" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது.