கோத்தகிரியில் என் வலது கை

எங்கள் அலுவலகத்தில் யாருக்காவது மணிக்கட்டு வலித்தால், கையை மட்டும் கழற்றிக் கோத்தகிரிக்கு ஓய்வுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆள் வழக்கம்போல வேலைக்கு வர வேண்டும்.

முழங்கையும் கீபோர்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி மேசையைத் தாழ்த்தினாலே வலி வராது என்று டாக்டர் சொல்லத்தான் செய்தார். ஆனால் மேசைகளை மாற்றுவது பெரிய செலவு. கோத்தகிரியில் ஒரே கட்டிலில் பத்துப் பன்னிரண்டு கைகளைப் படுக்கவைக்கலாம். எங்கள் நிர்வாகம் யோசிக்காமல் எதையும் செய்வதில்லை.

என் வலது கை போன மாதம் போனது. கொடுத்துவைத்த கை. காலையில் வெந்நீர் ஒத்தடம், மாலையில் தேயிலைத் தோட்டத்துக் காற்று. நான் இடது கையால் மவுஸைப் பிடித்துக்கொண்டு இரண்டு கை வேலையையும் பார்த்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. விஜயதசமி நெருங்கியபோதுதான் வருத்தம் வந்தது. மகள் மிதுனாவுக்கு மூன்று வயது. தட்டில் அரிசியைப் பரப்பி, அவள் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைக்க வேண்டும். அவள் பிறந்ததிலிருந்து நான் ஆசையாகக் காத்திருந்தது இதற்குத்தான்.

"ஏனுங்க, இடது கையில புடிச்சு எழுத வெக்கறதுன்னா நான் ஒத்துக்க மாட்டேன்," என்றாள் என் மனைவி சுகுணா. "போய் உங்க கையைக் கேட்டு வாங்கிட்டு வாங்க."

கைநலப் பிரிவு மேலாளர் பியூலா மேடத்திடம் போனேன்.

"என்ன எழுத்து எழுதப் போறீங்க?"

"அ தாங்க மேடம்."

"அதுல எவ்வளவு வளைவு இருக்கு பாத்தீங்களா? மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்? ட எழுதுங்க. நேர்கோடு. அரை மணி நேரம் தர்றேன்."

நியாயமாகத்தான் பட்டது. சுகுணாவும் ஏதோ ஓர் எழுத்து என்று விட்டுவிட்டாள்.

விஜயதசமி காலையில் கம்பெனி கார் வந்தது. மேடமே கூட வந்திருந்தார். என் கை பின் இருக்கையில் தலையணைமேல் சாய்ந்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தது. என்னை அது கண்டுகொள்ளவில்லை. மிதுனாவைக் கண்டதும் விரல்களை விரித்தது. தலையணையோடு தூக்கிவந்து அரிசித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கை அவள் விரலைப் பற்றி அரிசிமேல் வைத்தது. மேடம் குனிந்து மிதுனாவின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார்.

"இது இதுவரைக்கும் வேலையே செஞ்சதில்லையா?"

"இல்லைங்க மேடம். இன்னைக்குத்தான் ஆரம்பம்."

"அப்புறம் எதுக்கு ஆரம்பிக்கறீங்க? வலி வந்தப்புறம் பாத்துப் பிரயோஜனமில்ல. வர்றதுக்கு முன்னாடியே காப்பாத்தணும்."

நான் அரிசித் தட்டை நகர்த்திவைத்தேன். மிதுனாவின் வலது கையையும் கழற்றி, சின்னத் தலையணை ஒன்றில் வைத்தார்கள். அங்கே குளிருமே என்று சுகுணா அதற்கு ஒரு சாக்ஸ் மாட்டிவிட்டாள்.

கார் கிளம்பியது. மிதுனா இடது கையால் டாட்டா காட்டினாள். நான் தெருவில் நின்று காரின் பின் கண்ணாடியைப் பார்த்தேன். என் கை சாக்ஸை உருவிப் போட்டுவிட்டு, அவள் கையின் விரலைப் பிடித்துக் கண்ணாடித் தூசியில் எழுதவைத்துக்கொண்டிருந்தது. கார் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தேன். என்ன எழுத்து என்று தெரியவில்லை.