அடுத்த சாப்பாடு

“அடிச்சு சொல்றேன், அது டூப்ளிகேட் மாத்திரை” என்றான் ஜினேஷ், கிளினிக் வாசலில் வண்டியை நிறுத்தியபடி.

அவன் முதுகில் சாய்ந்திருந்த சம்யுக்தா கண்ணைத் திறக்கவில்லை. “எதுவா வேணா இருக்கட்டும்ங்க. எனக்கு வேலை போயிடும் போல இருக்குது.”

பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவள் அவள். வருஷக்கணக்காக ஆளை உருக்கிய சோர்வுக்கு டாக்டர் சுகாசினி ஊக்க மாத்திரை எழுதித் தந்தார். முதல் மாதம் புது மனுஷி. ஆடி பிறந்த பிறகு எல்லாம் தலைகீழ். ராத்திரி கொட்டக் கொட்ட விழிப்பு, பகலில் சொக்கல். போன வாரம் மானிட்டர் முன்னால் கண்ணசந்ததில் பார்டரில் ஓர் அன்னம் தலையை இழந்தது. தறியில் அப்படியே நெய்தும் விட்டார்கள்.

“இது அன்னமாம்மா, உரிச்ச கோழியா?” என்றார் முதலாளி கலியாணசுந்தரம். “டாக்டர் கைய விரிச்சிட்டா சொல்லிடு. நான் வேற ஆள் பார்த்துக்கறேன்.”

கிளினிக்கில் சுகாசினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். “உடம்புக்குப் பழகிடுச்சு போல. நிறுத்திடலாம்.”

ஜினேஷ் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தான். “டெஸ்டுக்கு அனுப்பணும்னு வச்சுக்கினு சுத்துறேன் மேடம்.”

“ஒரிஜினல்தான். நான் சொன்னபடிதானேம்மா போடுறீங்க?”

“அதேதான் மேடம். காலைல டிபனுக்கப்புறம் ஒண்ணு, அடுத்த சாப்பாட்டுக்கப்புறம் ஒண்ணு.”

“அடுத்த சாப்பாடு எப்போ?”

“பொழுது சாயறதுக்கு முன்னாடி.”

பேனா நின்றது. “மதியம்?”

“கிடையாது மேடம். நாங்க ஜைனருங்க. இருட்டினா எப்பவுமே சாப்பிடமாட்டோம். ஆடிப் பௌர்ணமிலேர்ந்து மழைக்கால நோன்பு வேற. அதுக்கு முன்னாடி மதியமும் உண்டு, இப்போ ரெண்டே வேளை.”

சுகாசினி நெற்றியைத் தேய்த்தார். “தூக்கத்தை விரட்டுற மாத்திரைம்மா அது. சாயங்காலம் போட்டா ராத்திரி தூக்கத்தைத்தான் விரட்டும். மதியம்னு நான் சொல்லியிருக்கணும்.”

“நோன்பை விடணுமா?”

“வேணாம். மதியம் வெறும் தண்ணில போடுங்க.”

“நோன்புல காய்ச்சின தண்ணிதான் மேடம் குடிப்போம். பரவாயில்லையா?”

“எந்தத் தண்ணியோ, உச்சி வெயில் இருக்கச்சே உள்ள போகணும்.”

வெளியே வந்ததும் கலியாணசுந்தரத்தின் போன். “என்னம்மா, ஆள் பார்க்கட்டா?”

“ஒரு வாரம் பொறுங்க சார். அன்னத்துக்குத் தலை வச்சிட்டுப் பேசறேன்.”

அடுத்த வெள்ளிக்கிழமை தறியில் ஏறிய புது பார்டரில் எல்லா அன்னத்துக்கும் தலை இருந்தது. கலியாணசுந்தரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வேற ஆள் பேச்சை எடுக்கவில்லை.