கிணறு என்று எழுதியிருந்த பெட்டி

கிடார்காரரின் சாமான்கள் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் ஆன பிறகுதான் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போன் வந்தது. அன்று சாயங்காலக் கச்சேரிக்கு அவரே மனைவியோடு போவதாக இருந்தார். இஸ்திரி போட்ட சட்டைக்கு மேலேயே வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு, அவளையும் கையோடு கூட்டிவந்து அரங்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மோட்டார் அறைக்கு ஏறினார். எப்படிச் சரிசெய்தார் என்று கேட்டால், காதில் ஒரு வார்த்தை சொன்னேன், இறங்கிவிட்டது என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து எதையும் வாங்க முடியாது.

சாமான்களுக்குப் பொறுப்பான பெண்ணுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்ன கைம்மாறு செய்வது என்று கேட்டாள். எல்லாவற்றையும் மேடையில் அடுக்கியதும் பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்க்கலாமா என்று இழுத்தார்.

"தாராளமா பாருங்கண்ணே. கை மட்டும் வெச்சிராதீங்க" என்றவள், போன் அடிக்க, பேசிக்கொண்டே திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

பூட்ஸைக் கழற்றிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேடையேறினார். மூன்று கிடார்கள். பழையதில் முழங்கை உரசுகிற இடத்தில் வார்னிஷ் போய் மரம் தெரிந்தது. தரையில் ஒரு பலகை. அதில் கிடாரின் சத்தத்தை மாற்றக் காலால் மிதிக்கிற பெட்டிகள் பதினொன்று. ஒன்றுக்குத் திருகு போய், அந்த இடத்தில் பேனா மூடி. எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதற்கு நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது: மழை, கோபம், எறும்பு, கிணறு. எறும்பு என்ன சத்தம் போடும் என்று கொஞ்ச நேரம் குனிந்து யோசித்தார்.

போன வருஷம் அவர் மனைவி நாற்பத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அத்தனை நாளும் கூட இருந்தது இந்தக் கிடார்காரரின் ஒரே ஒரு பாட்டு. வார்த்தை கிடையாது, வெறும் கிடார். இவர் அதை முணுமுணுத்த முணுமுணுப்பில் பக்கத்துக் கட்டில் கிழவிக்கு மனப்பாடமாகி, அவள் கொட்டாவி விட்டாலும் அந்த ராகத்தில்தான் வந்தது என்பார் மெக்கானிக். வீடு திரும்பிய அன்று அவள் கேட்டது ஒன்றுதான்: அதை ஒரு தடவை நேரில் கேட்க வேண்டும். கச்சேரி என்று அவள் வெளியே வந்தது இன்றுதான். அதனால் பதினொரு பெட்டிகளுக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி, மனசுக்குள் நன்றி சொன்னார்.

நன்றியோடு நிறுத்தியிருக்கலாம். ஆள் இல்லாத இடத்தில் விளக்கு எரிந்தால் அவருக்குப் பொறுக்காது. ஃபிரிட்ஜுக்குள் எரிகிற விளக்கு கதவை மூடினால் நிஜமாகவே அணைகிறதா என்று பார்க்க, தட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார முயன்றவர். "மாமாகிட்ட ஏணி மட்டும் குடுத்துராதீங்கக்கா, நெலாவையும் அணைச்சிருவாரு" என்பான் மைத்துனன். வாசிக்க ஆளே இல்லை. கிணறு என்ற பெட்டியின் சின்ன விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. இருபத்தேழு வருஷமாக லிஃப்ட் பொத்தான்களை அழுத்திப் பழகிய விரல் யாரையும் கேட்காமல் முன்னால் போனது. டக். இருட்டு. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு பூட்ஸை மாட்டிக்கொண்டு போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அரங்கத்து விளக்குகள் அணைந்த நொடியில்தான் அவருக்கு உறைத்தது. கிணறு. அந்தப் பாட்டின் உயிரே அதுதானே. ஒரு சுரம் போகும். எங்கோ ஆழத்திலிருந்து அதுவே குளிர்ந்து திரும்பி வரும். அவர் விழித்திருந்த ராத்திரிகளையெல்லாம் தாங்கிப் பிடித்தது அந்தத் திரும்பி வருகிற சத்தம்தான். அவர் பதறி எழுந்தார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க போறீங்க? பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது."

"ஒரு தப்பு பண்ணிட்டேன்மா."

"வீட்டுக்குப் போய் விசாரிக்கிறேன். உக்காருங்க."

கிடார்காரர் முதலாவதாக அதே பாட்டை எடுத்தார். முதல் சுரம் போனது. எதுவும் திரும்பி வரவில்லை. இரண்டாவதும் அப்படியே போனது, வழியனுப்ப ஆளில்லாத பயணி மாதிரி. அவள் ஒரு வருஷமாகக் காத்திருந்ததை மெக்கானிக்கே ஒற்றை விரலால் கெடுத்துவிட்டார். மேடையில் கிடார்காரர் வாசிப்பை நிறுத்தாமல் குனிந்து பலகையைப் பார்த்தார். வலது காலைத் தூக்கினார்.

மனைவி மெக்கானிக்கின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்படியே இருக்கு."

"எது?"

"ஆஸ்பத்திரில கேட்டேனே, அதே மாதிரி. ஒண்ணுகூட மாறல."

"அந்த எதிரொலி?"

"எந்த எதிரொலி?"

வார்டில் மற்றவர்கள் தூங்க வேண்டும் என்று, ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் போட்டுக்கொண்டுதான் கேட்டார்கள். எப்போதும் இடது முனை அவளுக்கு, வலது முனை அவருக்கு. அந்தப் பதிவில் சுரம் இரண்டு முனையிலும் வரும், எதிரொலி வலது முனையில் மட்டும். நாற்பத்தொரு நாளும் கூப்பிடுகிற குரல் மட்டும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. பதில் முழுவதும் இவர் காதில் விழுந்திருக்கிறது. அவளைத் தூக்கி நிறுத்திய பாட்டு எது என்று இன்றுதான் அவர் கேட்கிறார்: எதையும் திரும்ப எதிர்பார்க்காமல், ஒவ்வொரு சுரமும் தனியாக நடந்து போகிற பாட்டு.

"ஏதோ தப்புன்னீங்களே, என்னது?" என்றாள், மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"ஒண்ணுமில்ல."

கிடார்காரரின் கால் அணைந்த விளக்குக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. அவர் தலையைச் சாய்த்து, தன் வாசிப்பையே யாரோ வாசிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கால் மெல்ல விலகி, பெட்டிகள் இல்லாத வெறும் பலகையில் இறங்கித் தாளம் போட ஆரம்பித்தது.