பதினேழு சரி, பதின்மூன்று காலி

பார்சல் கூடத்து அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளை ஒட்டிய அன்று, எல்லோரும் அதன் முன்னால் நின்று சிரித்தோம். மூளை ஆராய்ச்சிக்கு ஆட்கள் தேவை, பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர்களாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

"படிக்காததுக்காக நம்மளைத் தேடி வந்த முதல் ஆளு இவங்கதான்" என்றார் பார்சல் ஓடும் பெல்ட்டில் எனக்கு எதிரே நின்று வேலை செய்யும் பெரியம்மா. "நாம இல்லாம ஆராய்ச்சியே நின்னு போச்சாம். வாங்கடி, போய்க் காப்பாத்திட்டு வருவோம்."

அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தாள் மூன்று வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஷிப்டுத் தலைவர் வேலைக்கான தேர்வு. எட்டாம் வகுப்பு போதும், ஐந்து வருட அனுபவம் வேண்டும். எனக்கு ஏழு வருட அனுபவம். விண்ணப்பம் வாங்கி, விவரமெல்லாம் எழுதி, பையில் மடித்து வைத்திருந்தேன். கையெழுத்து மட்டும் போடவில்லை. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தவள் நான். மூன்றாம் முறை உட்கார வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அண்ணன் அதை ஆசையாகத்தான் சொல்வான், ஆனாலும் சொல்வான்.

"ஏய் மரமண்டை, நீயா போற? ஸ்கேன்ல மரம்தான் தெரியும்."

"தெரியட்டும். வளையத்தை எண்ணி வயசாவது சொல்லுவாங்க."

அம்மா சிரித்துவிட்டாள். அண்ணன் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வெளியே போனான். நான் எதற்காகப் போகிறேன் என்று இருவருக்கும் சொல்லவில்லை. மண்டைக்குள் இருப்பதை ஓர் இயந்திரம் பார்த்துச் சொல்லிவிட்டால், அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதா, கிழித்துப் போடுவதா என்று தெரிந்துவிடும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நான் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனது திங்கட்கிழமை.

ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது அந்த இடம். ஆராய்ச்சி செய்கிற அக்கா எனக்கு நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருந்தார். என்னை "வாங்க, போங்க" என்று பேசியது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

முதலில் ஒரு புத்தகம் கொடுத்தார். பக்கத்துக்கு ஒரு புதிர். ஒன்பது கட்டத்தில் எட்டில் படம் இருக்கும், ஒன்று காலி. கீழே உள்ள எட்டுப் படங்களில் எது அங்கே பொருந்தும் என்று குறிக்க வேண்டும். மொத்தம் முப்பது. "நிதானமாப் போடுங்க, அவசரமே இல்ல" என்றார். நானும் நிதானமாகவே போட்டேன்.

அதன்பிறகு தோடு, ஊசி, வளையல் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் தட்டில் வைக்கச் சொன்னார். பெரிய வெள்ளைக் குழாய்க்குள் படுக்கை நகர்ந்து போனது. காதை அடைத்திருந்தும் யாரோ தகரக் கதவை இடிப்பது போல் சத்தம். பத்து நிமிடம் ஒன்றும் செய்யாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றும் செய்யாமல் இருக்கச் சம்பளம் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் செய்யாததைப் படம் பிடிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

வெளியே வந்ததும் கணினித் திரையில் என் மூளையைக் காட்டினார். சாம்பல் நிறத்தில், மடிப்பு மடிப்பாக, ஈரத்துணியைப் பிழிந்து வைத்த மாதிரி.

"சும்மா படுத்திருக்கும்போது கூட மூளையில ஒவ்வொரு இடமா வேலை ஏறி இறங்கும். தூரத் தூரமா இருக்கிற ரெண்டு இடம் ஒரே நேரத்துல ஏறி, ஒரே நேரத்துல இறங்குதுன்னு வெச்சுக்கோங்க. அப்போ அதுங்களுக்குள்ள ஏதோ தொடர்பு இருக்கும்னு ஒரு கோடு போடுவோம். அப்படி ஆயிரக்கணக்குல கோடு. அது ஒரு வலை."

"எங்க கூடத்துல ரெண்டு வாசல்லயும் ஒரே நேரத்துல வண்டி கூடினா, அந்த ரெண்டு வழிக்கும் சம்பந்தம் இருக்குன்னு நினைப்போமே, அது மாதிரியா?"

அவர் பென்சிலை உருவி அதைக் குறித்துக்கொண்டார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

"என் வலை நல்லதா, கெட்டதா மேடம்?"

"ஒருத்தர் படத்தை வெச்சு அதைச் சொல்லவே முடியாதுங்க. நூத்துக்கணக்கான பேரை ஒண்ணா வெச்சுப் பாத்தாத்தான் ஏதோ கொஞ்சம் தெரியும். அதுவும் கொஞ்சம்தான்."

இவ்வளவு பெரிய இயந்திரம், இவ்வளவு சத்தம், கடைசியில் எதுவும் சொல்லாதாம். தோட்டைத் திரும்ப மாட்டும்போது மேசையில் இருந்த என் விடைத்தாள் கண்ணில் பட்டது. மேல் மூலையில் சிவப்பில் பதினேழு. கீழே முப்பது. அடுத்த தாளில், யாரோ கல்லூரி மாணவருடையது, இருபத்தைந்து.

இயந்திரம் சொல்லாததை அந்தத் தாள் சொல்லிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். "என்ன, மரமா?" என்று அண்ணன் கேட்டான். "தேக்கு" என்றேன். விண்ணப்பத்தை நான்காக மடித்தேன், எட்டாக மடித்தேன். கிழிக்க மனம் வரவில்லை.

புதன்கிழமை காலை அந்த அக்கா பார்சல் கூடத்துக்கே வந்து நின்றார். பார்வையாளர் அங்கி அவருக்கு முழங்கால் வரை தொங்கியது. ஷிப்டு அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா, எங்க பொண்ணு மூளையில ஏதாவது கோளாறா?"

"கோளாறு என் தாள்ல சார். ஒரு அரை மணி நேரம் பேசணும்."

அவர் என் விடைத்தாளை விரித்தார். "இந்தப் பதின்மூணு கேள்வியை ஏன் காலியா விட்டீங்க?"

"உறுதியாத் தெரியல."

"ஏதாவது ஒண்ணு தோணியிருக்குமே?"

"தோணுச்சு. தோணுறதையெல்லாம் போட முடியுமா மேடம்?"

அவருக்கு அது புரியவில்லை. எனக்கு வாயால் விளக்க வரவில்லை. அவரைப் பெல்ட்டின் கடைசிக்கு அழைத்துப் போனேன். அங்கே சுவரோரம் ஒரு இரும்பு ரேக் இருக்கிறது. நாங்கள் அதைச் சந்தேக ரேக் என்போம். பெல்ட்டில் வரும் பார்சலின் முகவரியைப் பார்த்து, அந்தந்த வழித்தடக் கூண்டில் போடுவதுதான் எங்கள் வேலை. எழுத்து அழிந்திருந்தால், எண்ணும் ஊரும் ஒத்துப்போகாவிட்டால், கூண்டில் போடக் கூடாது. ரேக்கில் வைக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் முதல் மணியில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: தெரியலைன்னா கையை எடு.

"தப்பான கூண்டுல விழுந்தா அது ஆறு நாள் ஊர் சுத்திட்டுத்தான் வரும். உள்ளே மருந்தாக்கூட இருக்கலாம். ரேக்குல வெச்சா அரை மணி நேரத்துல விசாரிச்சு அனுப்பிடலாம்" என்றேன்.

"நான் போட்டுப் பாக்கலாமா?"

பெரியம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். அக்கா பத்துப் பார்சலை எடுத்தார். கை மின்னல் மாதிரி போனது. ஒன்றைக்கூட ரேக்கில் வைக்கவில்லை. மூன்று தவறான கூண்டில் விழுந்தன.

"வேகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி" என்றார் பெரியம்மா. "ஆனா இந்த மூணு பேரோட வீட்டுக்காரங்க உங்களை நல்லாத் திட்டுவாங்க."

நான் அந்த மூன்றையும் பொறுக்கி எடுத்து வந்தேன். அக்கா கவிழ்த்து வைத்திருந்த ஒரு கூடை மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு போய்விட்டது.

"எங்க மாணவர்கள் எல்லாம் தெரியாததுக்கும் ஏதாவது ஒண்ணைக் குறிச்சுடுவாங்க. பள்ளிக்கூடத்துல பழகினது அது. எட்டுக் குருட்டடி அடிச்சா ஒண்ணு படும். இந்தக் கூடத்துல இருந்து வந்தது நாலு பேர். நாலு பேரும் காலியா விட்டிருக்கீங்க. போட்டதுல ஒண்ணுகூடத் தப்பு இல்ல. அறுபத்துமூணு பேரைப் பாத்துட்டேன், தப்பே இல்லாதவங்க நீங்க நாலு பேர்தான். நான் அதைக் கவனிக்காம, படிக்காதவங்களுக்கு மார்க் குறையுது, இந்த இந்தக் கோடு பலவீனமா இருக்குன்னு கட்டுரையை முக்கால்வாசி எழுதிட்டேன்."

"அப்போ நாங்க மறுபடி எழுதலாமா?"

"ஒரு தடவை பாத்த புதிரை மறுபடி போட்டா அது சேராதுங்க. என் பட்டியல்ல உங்க எண்ணுக்கு நேரா பதினேழுதான் இருக்கும்."

நான் விடைத்தாளை மடித்து அவரிடமே நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். பொய் சொல்லித் தேற்றவில்லை.

"பக்கத்துலயே இன்னொரு கட்டம் போடப் போறேன். எத்தனை போட்டாங்க, அதுல எத்தனை சரின்னு. இனிமே வர்ற ஆளுங்க எல்லாருக்கும், தெரியலைன்னாலும் ஒண்ணைக் குறிங்கன்னு முதல்லயே சொல்லணும். எழுதின கட்டுரையைத் தூக்கிப் போடணும். எங்க பேராசிரியர் என்னையும் சேத்துத் தூக்கிப் போடாம இருந்தா சரி."

"அக்கா" என்றேன். மேடம் எங்கே போனதென்று தெரியவில்லை. "அப்போ நான் மக்கு இல்லையா?"

"அதைச் சொல்ற இயந்திரம் என்கிட்ட இல்ல. அன்னைக்குச் சொன்னதேதான் இன்னைக்கும். ஆனா அந்தப் பதினேழு உங்க புத்தியை மட்டும் அளக்கல. இந்த ரேக்கையும் சேத்து அளந்திருக்கு."

அவர் போன பிறகும் பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பதினேழு என்ற எண் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பதினேழு, தவறே இல்லாத பதினேழு. மதிய இடைவேளையில் ஷிப்டு அதிகாரியின் அறைக்குப் போனேன்.

"சார், இந்தத் தேர்வுல தப்பாப் போட்டா மார்க் குறைப்பாங்களா?"

"குறைக்க மாட்டாங்க. ஏழு வருஷத்துல நீ என்கிட்ட கேட்ட முதல் கேள்வி இது."

எட்டாக மடித்திருந்த தாளை அவர் மேசையில் வைத்து நீவினேன். மடிப்பெல்லாம் கோடு கோடாக நின்றது. அவருடைய பேனாவிலேயே கையெழுத்துப் போட்டேன்.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. அக்கா வந்ததையும் ரேக் முன்னால் பேசியதையும் வீட்டில் சொல்லிவிட்டேன். பழைய கேள்வித்தாள்களை வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் அண்ணன்தான் கேள்வி கேட்டான். தெரிந்ததற்கு உடனே சொன்னேன். தெரியாதது வந்தால் வாய் பூட்டிக்கொள்ளும்.

"சும்மா அடிச்சு விடு."

"எப்படிண்ணா அடிச்சு விடுறது?"

"நான் லைசென்ஸ் வாங்கினதே அப்படித்தான்."

"அதான், உன் வண்டியில ஏறவே பயமா இருக்கு."

"பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. சரி கேளு. நாலு பதில் இருக்கா? கண்டிப்பா இது இல்லைன்னு தெரியுறதைத் தள்ளு. எத்தனை தள்ளுவே?"

"ரெண்டு."

"மீதி ரெண்டுல ஒண்ணைத் தொடு. தப்பானா யார் மருந்தும் ஊர் சுத்தப் போறதில்ல. தாள்தானே!"

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் முதல் நாள் மூன்றை மட்டும்தான் அப்படி அடித்துவிட்டேன். குறித்த மூன்றில் இரண்டு தப்பு. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஒண்ணு சரிதானே, இல்லைன்னா அதுவும் கிடைச்சிருக்காதே" என்றாள். அண்ணன் அன்று முழுக்க என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வேண்டுமென்றா மறந்தா என்று நான் கேட்கவில்லை.

தேர்வறையில் நாற்பது பேர் இருந்தோம். முதல் பத்துக் கேள்வி பார்சல் கூடத்தைப் பற்றியது, தண்ணீர் குடிப்பது போல் போனது. பதினோராவது கேள்வியில் நின்றேன். பென்சில் பழக்கத்தில் தாளை விட்டு மேலே எழுந்தது. ஒன்றைத் தள்ளினேன். யோசித்து இன்னொன்றைத் தள்ளினேன். மீதி இரண்டில் எது என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

இரண்டாவது வட்டத்தை நிரப்பினேன். கொஞ்சம் அழுத்தியே நிரப்பினேன். பிறகு பன்னிரண்டாவது கேள்வியைப் படிக்க ஆரம்பித்தேன்.