அலாஸ்காவுக்கு ஏற்றிய சாமான்

எதிர்வீட்டு வெர்லினும் டெலோரஸும் வீட்டை விற்றுவிட்டுக் கேரவனில் வருஷக்கணக்காகச் சுற்றப் போகிறார்கள் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "ஒரே அறைக்குள்ள அவங்க ரெண்டு பேருமா?" என்பதுதான். நான்கு படுக்கையறை வீட்டிலேயே ஒருவர் இருமினால் இன்னொருவர் கதவைச் சாத்திக்கொள்கிற ஜோடி அது.

அலாஸ்கா போவது டெலோரஸின் ஆசை. அப்பாவின் சோள நிலத்தில் அவள் பங்கை விற்றுத்தான் அந்தக் கேரவனையே வாங்கினாள். அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற பெரிய வண்டி. பின்னால் ஒரு சின்னக் கார் கட்டியிழுத்துக்கொள்ளலாம். வெர்லினுக்கு அலாஸ்காவும் பிடிக்காது, அவள் ஆசைப்படுவதும் பிடிக்காது. ஆனாலும் கிளம்பினான். அவளைத் தனியாக அனுப்பிவிட்டால் அவள் சந்தோஷமாக இருந்துவிடுவாளோ என்ற பயம்தான் காரணம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சண்டை சாமான் ஏற்றுவதில் தொடங்கியது. வெர்லின் வண்டியைத் தானியக் கிடங்கின் எடைமேடைக்கு ஓட்டிப்போய் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்தான். எடை மீறியிருந்தது. இறங்கிய வேகத்தில் அவளுடைய தையல் மெஷினையும் இரும்பு வாணலியையும் தூக்கிப் புல்வெளியில் வைத்தான்.

"அதை ஏன் எடுக்கற?" என்று டெலோரஸ் வாசலிலிருந்தே கத்தினாள்.

"டயர் வெடிச்சா நீ தச்சுக் குடுப்பியா? இந்தச் சட்டி ஒரு கன்னுக்குட்டி கனம் கனக்குது."

"உன் தூண்டில் மட்டும் ஏழு இருக்கு. ஏழு கையா உனக்கு?"

"தூண்டிலுக்கு என்னடி கனம்?"

"அப்ப இதுக்கு?" அவள் வண்டிக்குள் ஏறி, கட்டைகளைச் சாய்த்து விளையாடுகிற வெர்லினின் கனத்த பவுலிங் பந்தை இரண்டு கையாலும் அணைத்தபடி இறங்கினாள். அவன் தடுக்க வருவதற்குள் தெருச்சரிவில் உருட்டிவிட்டாள். அது நிதானமாக உருண்டு வந்து என் தபால்பெட்டிக் கம்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றது. யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் தையல் மெஷினையும் வாணலியையும் மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அவன் பந்தை எடுத்துக்கொண்டு போனான்.

கிளம்புவதற்கு முந்தின நாள் டெலோரஸ் என் சமையலறைக்கு வந்தாள். அவள் அடுப்பைத் துடைத்துப் வீட்டை வாங்கியவர்களிடம் ஒப்படைத்தாகிவிட்டது; வண்டி அடுப்பில் ரொட்டி சுட முடியாது. வழிக்கு, நடுவில் ஜாம் வைத்துச் சுடுகிற கொலாச்சி ரொட்டி செய்ய வேண்டும் என்று வண்டியிலிருந்த மாவு டப்பாவையும் ஆப்ரிகாட் ஜாமையும் கொண்டுவந்திருந்தாள். மாவுக்குள் கையை விட்டவள் அப்படியே நின்றாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை வெளியே இழுத்தாள். உள்ளே வெர்லினின் கைத்துப்பாக்கி. ஒரு பெட்டித் தோட்டாவும் கூட.

"தம்பிகிட்ட குடுத்துட்டேன்னு பைபிள்ல அடிக்காத குறையா சொன்னான்," என்றாள். அலாஸ்காவுக்குக் கனடா வழியாகத்தான் போக வேண்டும். அங்கே கைத்துப்பாக்கியோடு உள்ளே விடமாட்டார்கள் என்பது வேட்டைக்குப் போகாத எனக்கே தெரியும்.

மாவு உதிர உதிர அதைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இது என்ன?"

வெர்லின் காரைக் கேரவனோடு பூட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கரடி வந்தா என்ன பண்ணுவ? சட்டியால அடிப்பியா?"

"கரடி வந்தா உன்னை முன்னால தள்ளிட்டு ஓடிருவேன். வெர்லின், பார்டர்ல கேப்பாங்க."

"கேட்டா இல்லன்னு சொல்லு. என்ன பெரிய விஷயம்?"

"எங்கிட்ட கேட்டா இருக்குன்னுதான் சொல்லுவேன்."

அவன் எழுந்து கையைத் துடைத்தபடி சிரித்தான். "சொல்லமாட்ட. நீ வாயில மட்டும்தான் வீராங்கனை." பையை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். என்னைப் பார்த்து, போகிற வழியில் கிராண்ட் ஐலண்ட் என்ற ஊரில் இருக்கிற தம்பியிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னான். எனக்காகச் சொன்ன பொய் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலை நான் எழுந்து பார்க்கும்போது வண்டி போய்விட்டிருந்தது. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தையல் மெஷினும் வாணலியும் கிடந்தன. கடைசியில் அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் போல என்று நினைத்து, மனசு கேட்காமல் என் கராஜில் கொண்டுவந்து வைத்தேன்.

இனிச் சொல்வது டெலோரஸ் பிற்பாடு போனில் சொன்னது. கிராண்ட் ஐலண்டில் வெர்லின் வண்டியை நிறுத்தவில்லை. அவளும் கேட்கவில்லை. கனடா எல்லையை ஒட்டிய மொன்டானா வரைக்கும் இரண்டு பேரும் பெட்ரோல் போடுவதைப் பற்றி மட்டுமே பேசினார்களாம்.

கனடா செக்போஸ்ட்டில் ஒரு பெண் அதிகாரி வெர்லினிடம் துப்பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். "இல்லம்மா," என்றான். அவள் குனிந்து, "உங்களுக்குத் தெரிஞ்சு?" என்று டெலோரஸைக் கேட்டாள்.

"இருக்கு. எங்க வச்சிருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆனா இருக்கு," என்றாள் டெலோரஸ்.

வெர்லின் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு, துப்பாக்கி மட்டும் கையில் இருந்திருந்தால் தன்னைச் சுட்டிருப்பான் என்று சொன்னாள். சொல்லும்போது குரலில் பயம் இல்லை, ஒரு திருப்திதான் இருந்தது.

வண்டியிலிருந்த ஒவ்வொரு சாமானையும் இறக்கித் தரையில் பரப்பினார்கள். கழிப்பறைத் தொட்டிக்குப் போடுகிற மருந்துப் பெட்டிக்கு அடியில் துப்பாக்கி அகப்பட்டது. அதைப் பறிமுதல் செய்து, அபராதம் போட்டு, வந்த வழியே திருப்பி அனுப்பினார்கள். ஆனால் டெலோரஸுக்கு அப்போது துப்பாக்கி ஞாபகமே இல்லை. தரையில் கிடந்ததை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து பார்த்தாளாம். ஏழு தூண்டிலும் இருந்தன. பவுலிங் பந்து இருந்தது. அவளுடையது இரண்டும் இல்லை.

"எங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"எடை மீறிச்சுன்னு சொன்னேனே," என்றானாம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் ஷெல்பி என்ற ஊரில், ஒரு மளிகைக் கடையின் பார்க்கிங்கில் டெலோரஸ் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவன் சட்டையிலிருந்து சவரக்கத்தி வரை எல்லாவற்றையும் அந்தச் சின்னக் காருக்குள் திணித்தாள். தூண்டில்கள் உள்ளே அடங்காமல் ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தன. கடைக்கு வந்தவர்கள் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"இவ்ளோ பெரிய வண்டிய நீ தனியா ஓட்டிருவியா?" என்றான் வெர்லின்.

"உன்னோட ஓட்டறதை விடவா கஷ்டம்?"

"திரும்பி வந்து எங்கிட்ட அழாதே."

"அழுதா வேற யார்கிட்டயாவது அழுதுக்கறேன். கெளம்பு."

அவன் கிளம்பினான். இப்போது கிராண்ட் ஐலண்டில் தம்பி வீட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சுக்கு வந்து, புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று எல்லோரிடமும் சொல்கிறான். சிலர் தலையாட்டவும் செய்கிறார்கள். என்னிடம் சொன்னபோது, "அந்த மெஷின் என்னய்யா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை.

டெலோரஸ் மறுநாள் தனியாக அதே செக்போஸ்ட்டுக்குப் போனாள். திரும்பவும் முழுக்கச் சோதனை போட்டுவிட்டு உள்ளே விட்டார்கள். அன்று சாயங்காலம் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒரு கேம்ப் மைதானத்தில் வண்டியை நிறுத்தினாள். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து வண்டியைச் சமமாக்குவது எப்போதும் வெர்லின் வேலை. அவள் வைத்த கட்டை சரியாக உட்காரவில்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, இழுப்பறைகள் தானாகத் திறந்துகொண்டன. பக்கத்து வண்டிக்காரர் உதவட்டுமா என்று கேட்டிருக்கிறார். "வேணாம், எனக்கு இப்படித்தான் பிடிக்கும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, கால் மேலே தலை கீழேயாகப் படுத்துத் தூங்கினாளாம்.

"தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"தலை வலிச்சுது. இன்னிக்குக் காலைல இன்னும் ரெண்டு கட்டை வாங்கிட்டேன்," என்றாள்.