ஐந்து கட்ட உயரம்

மாமனார் இசிஜி தாளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு மருமகனுக்காகக் காத்திருந்தார்.

"மாத்திரைச் சீட்டைக் கிழிச்சுப் போடு மாப்ளே. போன வருஷம் குதியாட்டம் போட்ட அலையெல்லாம் வாலைச் சுருட்டிக்கிட்டுக் கிடக்கு பாரு. நார்மல்னு டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்கார்."

"பிரஷர் பார்த்தாங்களா?"

"அந்தப் பட்டை கையை நெரிக்குது. வேணாம்னுட்டேன். அலையே சொன்னப்புறம் கை எதுக்கு?"

முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். தினமும் காலையில் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் மகள், இவன் மனைவி. அவள் சாலை விபத்தில் போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அவர் மாத்திரை போடுகிறாரா என்று மருமகன் கேட்கவில்லை. அவன் யாரையும் எதையும் கேட்கவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சமைத்தான், பாத்திரம் கழுவினான்.

கட்டட வரைபடம் போடுவது அவன் வேலை. எந்தத் தாளைப் பார்த்தாலும் கண் முதலில் அளவைத்தான் தேடும். மனைவி சேர்த்து வைத்த கோப்பிலிருந்து போன வருடத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அளவு காட்ட எந்திரம் ஒரு சின்னப் பெட்டி வரைந்திருந்தது. போன வருடப் பெட்டி பத்துக் கட்டம் உயரம். இந்த வருடப் பெட்டி ஐந்து.

"மாமா, இது பாதி அளவில எடுத்தது."

"அதனால?"

"வீட்டைப் பாதி அளவில வரைஞ்சா வீடு சின்னதாயிடுமா?"

"நான் வண்டி ஓட்டினவன்பா. என்கிட்ட வீட்டுக் கணக்கு கேக்காதே."

கடைசி வரிகளில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் போன வருடம் சின்ன மேடு. இப்போது அது தலைகீழாகப் பள்ளம். அளவைக் குறைத்தால் உயரம் குறையும், மேடு பள்ளமாகாது.

மறுநாள் காலை அவரை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் பரிசோதனை நிலையத்துக்குப் போனான். இசிஜி எடுத்த பெண் தாளைப் பார்த்ததும் முகம் வெளுத்தாள்.

"அலை ரொம்ப உயரமா வந்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிச்சுண்ணா. அதான் பாதியாக்கினேன். மேல பேனாவால எழுதிக் கொடுத்திருக்கணும். கூட்டத்துல விட்டுட்டேன். என் தப்புதான்."

அவளே டாக்டரின் அறைக்குள் போய்ச் சொன்னாள். முழு அளவில் மறுபடி எடுத்தார்கள். பட்டையையும் கட்டினார்கள். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து.

டாக்டர் கட்டங்களை எண்ணினார். "அவசரத்துல நானும் பெட்டியைப் பார்க்கலை, இந்தப் பள்ளத்தையும் கவனிக்கலை. மன்னிச்சுக்குங்க. பெரியவரே, அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தோட இடது பக்கச் சுவர் தடிச்சிருக்கு. தசை கூடினதால அலை இவ்வளவு உயரம். இந்தப் பள்ளம், அந்தத் தசை திணறுதுன்னு சொல்லுது. பட்டை இன்னிக்கு நிலவரத்தைச் சொல்லும். அலை, பல மாசமா நடந்ததைச் சொல்லுது."

"ஓவர்லோடோட மலையேறின வண்டி மாதிரியா?"

"அதேதான். ஆனா வண்டி நிக்கலை. ஒழுங்கா மாத்திரை போட்டா தடிப்பு மெல்ல இறங்கும். விட்டிருந்தா வேற மாதிரி பேசிக்கிட்டு இருந்திருப்போம்."

வெளியே வரும்போது அந்தப் பெண் எழுந்து நின்றாள். "நீங்க திரும்பி வந்ததுக்கு ரொம்ப நன்றிண்ணா."

"நீங்க மறைக்கலையே. நான்தான் நன்றி சொல்லணும்," என்றான்.

படியிறங்கும்போது மாமனார் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டு மாசமா போடலை மாப்ளே. அவ கை நீட்டாம எனக்கு மாத்திரை இறங்கலை."

தோளிலிருந்த கையை விலக்காமலே அவன் நடந்தான்.

அடுத்த நாள் காலை மாத்திரையும் தண்ணீருமாக அவர் முன்னால் போய் நின்றான். அவர் அவன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். மாத்திரையை எடுத்துக்கொண்டார்.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும். அவ அப்படித்தான் கொடுப்பா."

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"நேத்து நீ கேக்கலையே."

தண்ணீர் சூடாகும் நேரத்தில் புதுத் தாளைக் கோப்பில் வைத்தான். பழைய தாளின் மூலையில் அவள் எழுத்து: தேதி, கீழே 'அப்பா, பத்திரம்'. புதியதில் தேதி போட்டு 'முழு அளவு' என்று எழுதினான்.

"நல்லவேளை, எடுத்து வச்சே," என்றான் அந்த எழுத்தைப் பார்த்து. எட்டு மாதத்தில் அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அது.

"தண்ணி கொதிக்குது மாப்ளே!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.